பெயர் வெட்டிய செம்பு

(பிரம்மதேசத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்கலைப் பொருள்களைச் சேகரிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை அது. அதனால் படம் காட்டிப் பேசுவதைவிடப் பொருள் காட்டிப் பேசுவது நல்லது என்று தோன்றியது. இதோ, மேசைமேல் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. உயரம் ஒரு சாணுக்குக் குறைவு. அடியில் ஓர் ஓட்டை விழுந்து, ஈயப்பற்று வைத்து அடைத்திருக்கிறார்கள். விளிம்பை ஒட்டி, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்து வெட்டியிருக்கிறது. முதலில் பிள்ளையார் சுழி, அடுத்து ஒரு பெண்ணின் பெயர், அதற்கடுத்து ‘பிரமதேசம்’ என்று ஓர் ஊர்ப்பெயர்.

இது அரும்பொருள் கடையில் வாங்கியது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திண்டிவனத்துப் பழைய பாத்திரக் கடை ஒன்றில் உருக்குவதற்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து எடுத்து, எடைக்கு விலை கொடுத்து வாங்கினேன். அந்தக் காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் தலைச்சுமைக்காரர் வருவார். பழைய பித்தளையும் வெண்கலமும் கொடுத்தால் பளபளக்கும் எவர்சில்வர் கொடுப்பார். எங்கள் வீட்டிலும் அண்டா போயிற்று, கூஜா போயிற்று, வெற்றிலைச் செல்லம் போயிற்று. பாட்டிக்குச் சீராக வந்த பாவை விளக்கு ஒன்று போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்தவை ஆறு டம்ளர்களும் ஒரு தூக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த பெண்களுக்கு எவர்சில்வர் ஒரு விடுதலை. ஆனால் அந்த மூட்டைகளோடு எத்தனை பெயர்கள் உலைக்குப் போயின என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: சேகரிப்பவன் முதலில் சேர்க்க வேண்டியது பொருளின் பெயரையும் ஊரையும். அவை இல்லாமல் பொருளை மட்டும் சேர்ப்பவன், எவ்வளவு அழகானதை வைத்திருந்தாலும், ஓர் அனாதையைத்தான் வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறான்.

எந்தப் பிரம்மதேசம்?

செம்பில் ஊர்ப்பெயர் இருக்கிறதே, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தமிழ்நாட்டில் பிரம்மதேசம் என்ற பெயரில் எத்தனை ஊர்கள்! அந்தணர்க்குக் கொடையாக விட்ட ஊர் பிரமதேயம். அதுவே மக்கள் வாயில் பிரமதேசம் ஆயிற்று. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், கைலாசநாதர் கோயில் கொண்ட பிரம்மதேசம் ஒன்று. செய்யாறு வட்டத்தில், சந்திரமௌலீசுவரர் கோயில் உள்ள பிரம்மதேசம் ஒன்று. முதலாம் இராஜேந்திரன் மறைந்தபோது அவனுடைய தேவி வீரமாதேவி உடன்கட்டை ஏறிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. நம் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் ஒரு பிரம்மதேசம். எண்ணாயிரத்துக்கும் எசாலத்துக்கும் அண்டையில், பிரம்மபுரீசுவரர், பாடலீசுவரர் என்னும் இரண்டு சோழர் கற்றளிகளைத் தாங்கி நிற்கும் பிரம்மதேசம், நாம் இப்போது கூடியிருக்கும் இந்த ஊர்.

ஓர் அருங்காட்சியகத்தின் சீட்டில் ‘பிரம்மதேசம், தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதி ஒரு சிற்பத்தை வைத்தால், அது பொருநைக் கரையிலிருந்து வந்ததா, பாலாற்றுப் பக்கத்திலிருந்து வந்ததா என்று யார் சொல்வது? பாண்டிய நாட்டுக் கல்லுக்கும் தொண்டை நாட்டுக் கல்லுக்கும் நிறம் வேறு, உளியின் ஓட்டம் வேறு. ஊர்ப்பெயரில் ஓர் அடையாளம் விடுபட்டாலே வரலாறு நானூறு கல் தள்ளிப் போய்விடும்.

பட்டியல் போட்ட மண்

இதை இந்த ஊரில் நின்று சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொருளுக்குப் பட்டியல் போட்டு வைத்த மண் இது. பக்கத்து எண்ணாயிரத்தில் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த கல்விச்சாலையில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததைச் சொல்கிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு நெல் என்பது வரை அதில் கணக்கு உண்டு. திண்டிவனம் வட்டாரத்துத் தாதாபுரத்துக்குப் போனால், இராஜராஜனின் அக்கா குந்தவைப் பிராட்டியார் அங்கே சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்கும் கோயில் எடுத்து, பொன்னும் வெள்ளியும் முத்தும் கொடுத்ததைக் கல்லில் வாசிக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தப் பழக்கம் உச்சத்தைத் தொட்டது. இராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளை அங்குள்ள கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. பாதாதிகேசாந்தம் (அடி முதல் முடி வரை) எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை, கைகள் எத்தனை, கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா, பீடம் எவ்வளவு உயரம், கொடுத்தவர் யார். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல், நகைகளை நிறுக்கத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல். முத்து என்று பொதுவாக எழுதிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சிவந்த நீர், குளிர்ந்த நீர் என்று வகை பிரித்தார்கள். மணியில் குறை இருந்தால் அந்தக் குறையையும் எழுதினார்கள்.

அந்தத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனாலும் அவை எப்படி இருந்தன, எத்தனை விரல் உயரம் நின்றன என்று நமக்குத் தெரியும். பொருள் அழிந்தும் பதிவு நின்றதால் அவை முற்றும் அழியவில்லை. உலைக்குப் போன என் பாட்டியின் பாவை விளக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் உயரமும் எடையும் முகச்சாடையும் எங்கும் எழுதப்படவில்லை. நான் போனால் அதுவும் முழுதாகப் போய்விடும்.

எசாலத்துக்கு வருவோம். இங்கிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். 1987-இல் அந்த ஊர்ச் சிவன் கோயில் திருப்பணியில் மண்ணைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளும் பூசைப் பொருள்களும் கிடைத்தன. அவற்றோடு, சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்த செப்பேடுகளும் கிடைத்தன. இராஜேந்திரனின் 25-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த ஏடுகள், அவனுடைய குருவான சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த கோயிலுக்கு அளித்த கொடையைச் சொல்கின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். திருமேனியும் அதன் கோயிலின் ஆவணமும் ஒரே மண்ணுக்குள் ஒன்றாகக் கிடைப்பது எவ்வளவு அரிது என்று நினைத்துப் பாருங்கள். ஏதோ ஓர் ஆபத்துக் காலத்தில், பேரறியாத யாரோ சிலர் இரவோடு இரவாகக் குழி தோண்டி, சாமியோடு சாசனத்தையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். பொருளையும் பெயரையும் பிரிக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோதும் இதேதான் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளோடு, தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிவந்தன.

சிதறிய யோகினிகள்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊரான புதுச்சேரியில் ஆசிரியராக இருந்தவர் கபிரியேல் ழுவோ துப்ரேல் என்னும் பிரெஞ்சுக்காரர். பல்லவர் கலையைப் பற்றி முதன்முதலாக ஒழுங்குபட எழுதியவர்களில் ஒருவர். காஞ்சி கைலாசநாதர் கோயில் சுவரில் ஓவியம் இருப்பதைக் கண்டு சொன்னவரும், அரிக்கமேட்டில் பிள்ளைகள் பொறுக்கி வந்த மணிகளுக்குள் உரோமானியத் தலை செதுக்கிய கல்லைக் கண்டு அதன் மதிப்பை உணர்ந்தவரும் அவரே. தமிழ்நாட்டுக் கலை வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அதே அறிஞர் 1920களில் காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்து யோகினி என்னும் பெண் தெய்வங்களின் சிற்பங்களைத் திரட்டிப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பெற்றவர் சி.டி. லூ என்னும் சீன வணிகர். ஆசியக் கலைப்பொருள்களை மேலை நாட்டுச் செல்வர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கொண்டு சேர்த்தவர்களில் அவர் முதல் வரிசைக்காரர். பாரிசு நகரத்து வீட்டையே சீனக் கோபுரம்போல் மாற்றிக் கட்டிக் கடை வைத்திருந்தவர். அவர் வழியாக அந்த யோகினிகள் ஒவ்வொருவராக விற்றுப் போனார்கள். இன்று ஒருத்தி பாரிசில், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி வாசிங்டனில், ஒருத்தி டொராண்டோவில், ஒருத்தி நம் சென்னை எழும்பூரில். கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் அவர்களைத் தேடி ஊர் ஊராகப் போய் ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்தது.

ஒரே கோயிலில் வட்டமாகவோ வரிசையாகவோ ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஒருத்தியின் பொருள் அடுத்தவளின் பக்கத்தில் இருந்தது. இன்று ஒவ்வொருத்தியும் தனியறையில் நல்ல விளக்கொளியில், தூசு படாமல் இருக்கிறாள். அவர்களைக் காப்பாற்றினார்கள் என்று சொல்வோரும் உண்டு. கல் உடையவில்லை என்ற அளவில் அது சரிதான். ஆனால் எந்தக் கோயில், எந்தத் திசையில் வாசல், யாருக்குப் பக்கத்தில் யார் என்ற செய்தி உடைந்துவிட்டது. அதை ஒட்ட வைக்கப் பசை இல்லை.

மண்ணும் படமும் சொன்ன சாட்சி

யோகினிகளை அனுப்பியவர் ஓர் அறிஞர். பின்னாளில் வந்தவர்கள் அந்த வகையில் சேரமாட்டார்கள். சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து வந்த நடராசரைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் கடல் கடந்து, 1973-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் கைக்குப் போயிற்று. வழக்காடி, 1986-இல்தான் திரும்பி வந்தது. பத்தூர் நடராசர் 1976-இல் கிடைத்த கையோடு கடத்தப்பட்டார். இலண்டன் நீதிமன்றத்தில் அவருக்காக வழக்குத் தொடுத்தபோது, கோயிலின் இறைவனே வழக்காடும் தகுதி உடையவர் என்பதை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீட்டிலும் வெற்றி. அந்த வழக்கில் என்னை மிகவும் உருக்கியது ஒரு சின்னச் செய்தி: சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் ஆய்ந்து, பத்தூர் மண்ணோடு ஒப்பிட்டார்கள். விற்பவர் துடைத்தும் போகாத அந்தக் கொஞ்ச மண், தன் ஊரைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னது.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து 2006-இல் திருடப்பட்ட நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். அந்தச் சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்களும் கூடவே வந்தன. எல்லாம் போலி. 2014 செப்டம்பரில் சிலை திரும்பியது. கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்தப் போலிக் காகிதங்களை உடைத்தது எது தெரியுமா? பெரும்பாலும் புகைப்படங்கள்தான். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய், பூட்டிய சிறு கோயில்களைக்கூடத் திறக்கச் சொல்லி, சிற்பத்தையும் செப்புத் திருமேனியையும் படம் பிடித்து, அடியில் ஊர்ப்பெயரை எழுதி வைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அன்று அவர்கள் போலீசுக்காக எடுக்கவில்லை, ஆய்வுக்காக எடுத்தார்கள். ஆனந்தமங்கலத்து இராமர், சீதை, இலக்குவன் திருமேனிகள் 1978-இல் திருடு போயின. 1958-இல் எடுத்த படம் இருந்ததால் 2020-இல் இலண்டனிலிருந்து திரும்பி வந்தன. ஆக்சுபோர்டு ஆசுமோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரை 1957-ஆம் ஆண்டுப் படம் அடையாளம் காட்டியது. 2024-இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் அதைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. நம் பழைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சியோடு சேர்ந்துவிட்ட வீரசோழபுரத்துக் கோயில் திருமேனிகளும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருப்பதை, இந்தப் படங்களை வைத்தே சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது. பரவை நாச்சியாரோடு நிற்கும் சுந்தரர் அவற்றில் ஒருவர். சுந்தரர் பிறந்த திருநாவலூர் நமக்கு எவ்வளவு பக்கம்!

உலகத்துச் சேகரிப்பாளர்கள் கோடிகள் கொட்டிச் சேர்த்த பொருளைவிட, அந்தப் படக்காரர்கள் கையளவு காகிதத்தில் சேர்த்தது பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் எதையும் எடுத்துப் போகவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேகரித்தார்கள்.

சேகரிப்பில் ஒரு தமிழ் முன்னோர்

அப்படியானால் பொருளைச் சேர்ப்பதே குற்றமா என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. ஆனந்த குமாரசுவாமியை எண்ணிப் பாருங்கள். 1877-இல் கொழும்பில், முத்துக் குமாரசுவாமி என்னும் தமிழறிஞரின் மகனாகப் பிறந்தவர். நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுக்காக ஊர் ஊராகப் போனார். போன இடத்திலெல்லாம் கொல்லரும் தட்டாரும் நெசவாளரும் தொழிலை விட்டுப் போவதைக் கண்டு, கல்லை விட்டுக் கலைக்கு வந்தார். 1908-இல் வெளியான அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பொருளின் அழகு மட்டும் பேசப்படவில்லை. அதைச் செய்தவர் எந்தக் குடி, என்ன கருவி, எந்த முறை, வேலைக்கு என்ன கூலி என்பதும் உண்டு. அவருடைய சேகரம் 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அவரும் அங்கேயே காப்பாளராகப் போனார். அந்தச் செல்வம் நம் நாட்டில் தங்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளோடும் அதன் அறிவையும் சேர்த்தே கொண்டுபோனவர் அவர். பொருளைத் தெரிந்துகொள்ளாமல் அதை உடைமையாக்கிக்கொள்வது கூடாது என்ற பாடத்தை அவரிடம் கற்கலாம்.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

உங்களில் பலர் வீட்டில் இன்னும் பரணில் ஏதாவது இருக்கும். படி, உழக்கு, ஆழாக்கு, மரக்கால், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், எழுத்தாணி, பல்லாங்குழிப் பலகை, ஒரு கட்டு ஓலைச்சுவடி. அவற்றை வைத்து நீங்கள் இன்றே சேகரிப்பாளர் ஆகலாம். சில வழிமுறைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடியும் தொன்மைப் பொருள். கல், உலோகம், மரம், தந்தம் ஆகியவற்றில் ஆன பழஞ்சிற்பம் கையில் இருந்தால் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் தொன்மைப் பொருள் வணிகம் செய்யக் கூடாது. தனியார் எவரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. நிலத்தை உழும்போதோ அடிக்கால் தோண்டும்போதோ ஏதாவது கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகள் பல, இப்படிப் புதையலாக வந்து சேர்ந்தவைதாம். எடுத்த இடத்தைக் கலைக்காமல் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். குழியின் ஆழமும் மண்ணின் நிறமும்கூடச் சாட்சிதான் என்பதைப் பத்தூர் நமக்குக் காட்டிவிட்டது.

அடுத்து, பராமரிப்பு. அன்றாடம் புழங்கும் விளக்கைப் புளி போட்டுத் துலக்குங்கள், தப்பில்லை. ஆனால் நூறாண்டுப் பழைய வெண்கலத்தில் படிந்த கருமையையும் பச்சையையும் செங்கல்தூள் போட்டுத் தேய்க்காதீர்கள்; எழுத்து இருந்தால் அதுவும் தேய்ந்துபோகும். ஈரம் படாமல், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து வைத்தால் போதும். வெளிர்பச்சையாகப் பொடிப் பொடியாக உதிர்ந்தால் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். படம், உயரம், அகலம், எடை. எந்த உலோகம், எந்த மரம். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர். யார் வீட்டிலிருந்து, எந்தச் சடங்குக்கு வந்தது. கடைசியாக அதைப் புழங்கியவர் யார். எங்கே ஒட்டுப் போட்டது, ஏன் போட்டது. இராஜராஜனின் கல்வெட்டுக்காரர் முழமும் விரலும் தோரையும் கொண்டு செய்ததை, நீங்கள் அளவுகோலும் கைப்பேசியும் கொண்டு செய்யலாம்.

ஆயா வாசித்தது

இனி, என் செம்பின் கதையை முடிக்கிறேன். பல ஆண்டுகள் இதை அலமாரியில் வைத்திருந்தேன். இதன் எழுத்தைப் படி எடுத்தேன், எழுத்தமைதி பார்த்தேன், எடை போட்டேன். ‘தண்ணீர்ச் செம்பு’ என்று நோட்டில் எழுதியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மரக்காணம் சாலையிலுள்ள பிரம்மதேசத்துக்கு இதை எடுத்துப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம், “ஆயா, இந்தப் பேர்ல இங்க யாராச்சும் இருந்தாங்களா?” என்று கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்டினேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். ஆனால் செம்பைத் திருப்பித் தரவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“தம்பி, இது தண்ணி சொம்பு இல்ல. பால் கறக்கிற சொம்பு. ரெண்டு பக்கமும் தடவிப் பாரு, வழவழன்னு தேஞ்சிருக்குது. முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கினு கறந்தா அப்பிடித்தான் தேயும்” என்றார்.

தடவிப் பார்த்தேன். உண்மை. நேர்நேராக இரண்டு பக்கங்களில், உள்ளங்கை அகலத்துக்கு, உலோகம் தேய்ந்து மென்மையாகியிருந்தது. மற்ற இடங்களில் கன்னாரின் சுத்தியல் தடம் இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அத்தனை ஆண்டுகள் எழுத்தை மட்டும் வாசித்த நான், தேய்மானத்தை வாசிக்கவில்லை. யாரென்று தெரியாத ஒரு பெண், விடியலில் குந்தி உட்கார்ந்து, பல ஆயிரம் நாள் செய்த வேலை அந்த உலோகத்தில் எழுதியிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர், எழுத்தறியாத இன்னொரு பெண். ஊரில் இப்படிப் பொருளை வாசிக்கத் தெரிந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் பக்கங்களை எழுதிவிட வேண்டும். மாணவர்களே, இது உங்கள் வேலை.

அன்று இரவு நோட்டில் ‘தண்ணீர்ச் செம்பு’ என்பதை அடித்துவிட்டு, ‘பால் கறக்கும் செம்பு’ என்று எழுதினேன். ‘ஊர்: பிரமதேசம்’ என்ற வரிக்குக் கீழே ‘எந்தப் பிரமதேசம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எதிரே இன்றுவரை வெற்றிடம். அதை ஊகத்தால் நிரப்பிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் சிறீபுரந்தான் நடராசருக்கு நேர்ந்தது என்ன? எழுதாமல் விட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் விலைக்காக எழுதினார். தெரியாததை வெற்றிடமாகவே வைத்திருப்பது சேகரிப்பவனின் முதல் நேர்மை.

இந்த ஊருக்குக் கோயில் பார்க்கப் பலமுறை வந்திருக்கிறேன். செம்போடு வருவது இதுவே முதல் முறை. முன்பே வந்திருக்க வேண்டும். விளிம்பில் உள்ள பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றிய கொள்ளுப்பாட்டி யாராவது இருந்திருந்தால், அவர் பெயர் உங்களுக்கு நினைவிருந்தால், பொழிவு முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். முதலில் பெயரைச் சொல்லுங்கள். பிறகு செம்பைத் திருப்பிக் காட்டுகிறேன். இரண்டும் ஒன்றானால், செம்பு உங்கள் வீட்டுக்குப் போகட்டும். அந்தப் பக்கம் மட்டும் என்னிடம் இருக்கட்டும்.